வெந்தயம் குடித்த காரில் போடி மெட்டுக்கு

வியாழக்கிழமை மாலை

மதுரையில் ஏறிய ரயில் போடிநாயக்கனூரில் என்னை இறக்கிவிட்டபோது மேற்கே மலை நீலச் சுவராக நின்றது. தண்டவாளம் இந்த ஊரோடு முடிகிறது. யுத்த காலத்தில் இதைப் பெயர்த்து எடுத்துக்கொண்டு போனார்கள். திரும்பப் போட்டு மூன்று வருஷந்தான் ஆகிறது. ஆகையால் 1957-ஆம் வருஷத்து மாசி மாதத்தில் நான் ரயிலிலேயே வந்து இறங்கியதை ஓர் அதிர்ஷ்டமாகக் குறித்துக்கொள்கிறேன். நடைமேடையில் ஏலக்காய் மூட்டைகள் அடுக்கியிருந்தன. இரண்டணாக் காப்பியில் ஏலக்காய் போடாமலே ஏலக்காய் மணத்தது.

வெளியே என் கல்லூரித் தோழன் சுருளிவேல் தன் காரோடு காத்திருந்தான். இவனுக்கு ராசிங்காபுரத்தில் நஞ்சை புஞ்சையும், மலையில் சிறிதளவு ஏலத் தோட்டமும் உண்டு. கார், சீமைக்குத் திரும்பிப்போன ஒரு தோட்டத்துத் துரை விட்டுச் சென்றது. முன்புறத்தில் தேன்கூடு போல ரேடியேட்டர். அதன் தலையில் திருகுமூடி. சுருளி என்னை விசாரிப்பதற்கு முன்பு என் கையைப் பிடித்து இழுத்து அந்தத் தேன்கூட்டின் மேல் வைத்தான்.

"தொட்டுப் பாரு மாப்ளே. காச்சல் விட்டுருச்சு."

பக்கத்தில் நின்ற டிரைவர் தங்கையா வானத்தைப் பார்த்தார்.

விஷயம் இதுதான். ரேடியேட்டரின் அடியில் போன திங்கட்கிழமை சொட்டுச் சொட்டாக ஒழுகத் தொடங்கியிருக்கிறது. ஒழுகினால் தண்ணீர் குறையும். தண்ணீர் குறைந்தால் எஞ்சின் கொதிக்கும். போடியில் காட்டி ஈயம் வைத்து அடைத்துவிடலாம் என்று தங்கையா சொல்லியிருக்கிறார். சுருளி சம்மதிக்கவில்லை. அவனுடைய வைத்தியம் வேறு. சூடு கண்ட உடம்புக்கு என்ன கொடுப்போம்? இரவில் வெந்தயத்தை ஊறப்போட்டு, காலையில் அரைத்து வெறும் வயிற்றில் கொடுப்போம். அதையே அரைப்படி அரைத்துக் கரைத்து ரேடியேட்டரின் வாயில் ஊற்றியிருக்கிறான்.

"ஊத்துன மறுநா ஒழுக்கு நின்னுருச்சா இல்லையா? நீயே சொல்லு தங்கையா."

"நின்னுச்சு" என்றார் தங்கையா, நீதிமன்றத்தில் எதிர்த்தரப்புச் சாட்சி போல.

"நாளைக்கு மலை ஏறணும்ல. அதான் இன்னைக்குக் காலையில ரெண்டாம் வேளையும் குடுத்துட்டேன்."

தங்கையா மறுபடியும் வானத்தைப் பார்த்தார்.

போடியிலிருந்து ராசிங்காபுரம் ஏழு மைல் இருக்கும். சாலையோரச் சுவர்களில் எல்லாம் தேர்தல் விளம்பரம். வழியில் சுருளி பயணத்தின் காரணத்தை விளக்கினான். அவன் அக்காள் வெள்ளையம்மாளின் மகன் நாகராசு போடியில் பள்ளிக்கூட வாத்தியார். மலைக்கு அந்தப் பக்கம் பூப்பாறையில் தோட்டம் வைத்திருக்கும் பெருமாள் என்பவர் இவர்களுக்கு ஒன்றுவிட்ட அண்ணன். அவர் மகள் செல்லத்தாயை நாகராசுக்குக் கேட்டிருக்கிறார்கள். பெண்ணுக்கும் சம்மதம், பெண்ணின் தாய்க்கும் சம்மதம். பெருமாளிடம் மட்டும் ஒரு ஜீப்பு இருக்கிறது.

"ஜீப்பு இருந்தா என்ன?" என்றேன்.

"போன தடவை பொண்ணு பாக்கப் போகையில நம்ம காரு பாதி மலையில கொதிச்சு நின்னுபோச்சு. அவருதான் ஜீப்புல கயிறு கட்டி இழுத்துட்டுப் போனாரு. அன்னையிலருந்து எளக்காரம். கம்பத்துலருந்து வேற ஒரு எடம் கேக்குதாம். 'வெள்ளிக்கிழமை மெட்டுப் பிள்ளையார் கோயிலுக்குப் பொண்ணோட வாறேன். ராகு காலத்துக்கு முந்தி வந்து பூ வச்சா ஒங்க பொண்ணு. ஒங்க காரு மேடேறலைன்னா கம்பத்துக்காரகளுக்கு வாக்குக் குடுத்துருவேன்'ன்னு சொல்லிப்புட்டாரு."

ஆக, நாகராசின் கல்யாணம் இந்தத் தேன்கூட்டில் இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை ஆறரை மணி

புறப்பட்டோம். வெள்ளிக்கிழமை ராகு காலம் பத்தரைக்குத் தொடங்குகிறது. மலையுச்சிக் கணவாயான போடி மெட்டு ராசிங்காபுரத்திலிருந்து இருபத்து நான்கு மைலுக்குக் குறையாது. சாதாரண காருக்கு இது தாராளமான அவகாசம்.

பின் இருக்கையில் வெள்ளையம்மாள். அறுபதை நெருங்கும் வயது. நிலபுலன், வழக்கு, விதை நெல் எல்லாம் தாமே பார்ப்பவர். மடியில் வாழை மட்டையில் பொதிந்த மல்லிகைச் சரம். பக்கத்தில் பழத்தட்டு, தேங்காய், மஞ்சள், கூறைப்புடவை போலவே கனமான ஒரு பச்சைப் பட்டு. பட்டுக்கும் தேங்காய்க்கும் நடுவில் நான். காலடியில் இரண்டு பித்தளைக் குடம் தண்ணீர்.

"மலைத் தண்ணி இதுக்கு ஒத்துக்கிறாது" என்றான் சுருளி. "போன தடவை மலைத் தண்ணி குடிச்சுத்தான் படுத்துச்சு. இது வீட்டுக் கெணத்துத் தண்ணி."

வீட்டுக் கிணற்று நீரில் பருப்பு வேகாது என்று முந்தின இரவுதான் வெள்ளையம்மாள் குறைப்பட்டிருந்தார். கொதிக்கவைத்த பாத்திரத்தில் சுண்ணாம்பாகப் படியும் நீர் அது. காரின் உள்ளே என்னவாகப் படிந்திருக்கும் என்று எண்ணினேன்; சொல்லவில்லை. விருந்தாளி நான்.

ஏழரை மணிக்கு மேல்

போடியைத் தாண்டி, புளியமரச் சாலையில் ஐந்தாறு மைல் போனால் முந்தல். மலை அடிவாரம். வலப்புறம் பிரியும் பாதை குரங்கணிக்குப் போகிறது. பொதி சுமந்த கோவேறு கழுதைகள் ஒரு வரிசையாக இறங்கி வந்தன. தங்கையா காரை நிறுத்தி, முன் சக்கரத்தின் கீழ் ஓர் எலுமிச்சம்பழத்தை வைத்து ஏற்றி நசுக்கினார். வெந்தயத்தில் நம்பிக்கையில்லாதவர் எலுமிச்சையில் வைத்திருக்கிறார். மனிதனுக்கு ஏதாவது ஒன்று வேண்டும்.

முதல் நான்கு வளைவுகளை கார் கம்பீரமாக ஏறியது. சுருளி முன் இருக்கையிலிருந்து திரும்பி, "எப்பிடி?" என்று கேட்டான். ஐந்தாவது வளைவிலும் கேட்டான். அதன் பிறகு கேட்கவில்லை.

எட்டே கால் இருக்கலாம். புலியூத்துக்குச் சற்றுக் கீழே வந்தபோது வெள்ளையம்மாள் மூக்கை உறிஞ்சினார்.

"யாரு வீட்டுலயோ வெந்தயக் கொழம்பு கொதிக்குது."

சுருளி தன் பக்கத்துக் கண்ணாடியை ஏற்றிவிட்டான்.

"இந்தக் காட்டுக்குள்ள வீடே இல்லையேடா?"

தங்கையா ரேடியேட்டரின் மூடியைப் பார்த்தபடி ஓட்டினார். மூடியின் ஓரத்தில் மெல்லிய வெண்புகை ஒன்று, ஊதுபத்தியிலிருந்து எழுவது போல எழுந்தது.

"அடுக்களையில வெந்தய டப்பா காலியாக் கெடந்துச்சு" என்றார் வெள்ளையம்மாள் மெதுவாக. "வேலைக்காரப் புள்ளைய வஞ்சேன். ஏண்டா சுருளி?"

சுருளி வெளியே தெரிந்த ஒரு மரத்தை மிகவும் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தான்.

புலியூத்தில் நிறுத்தினோம். தங்கையா சாக்கை நனைத்து மூடியின் மேல் போட்டுக் கொஞ்சங் கொஞ்சமாகத் திருகி, ஆவியை விட்டார். பிறகு எஞ்சினை ஓடவிட்டபடியே, கிணற்று நீரைச் சிறுகச் சிறுக இரண்டு குடமும் ஊற்றினார். அருகிலேயே அருவி கொட்டிக்கொண்டிருந்தது. அதைத் தொடக் கூடாது என்பது சுருளியின் உத்தரவு.

ஒன்பது மணி கழிந்து

மேலே ஏற ஏறக் கீழே போடி வயல்கள் விரித்துப்போட்ட பாய்களாகச் சிறுத்தன. காற்று குளிர்ந்தது. பெரிய மரங்களின் நிழலில் ஏலச்செடிகள் ஆள் உயரத்துக்கு நின்றன. வெளியே இவ்வளவு குளிர்ச்சி இருக்க, நாங்கள் மட்டும் ஓர் அடுப்பைத் தள்ளிக்கொண்டு போவதுபோல் போனோம். நீர் உள்ளே இருந்தும் கார் கொதித்தது. காரணம் எளிது. எஞ்சினில் சூடான நீர் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களில் இறங்கிக் காற்றில் ஆறித் திரும்ப வேண்டும். அரைத்த வெந்தயம் ஒழுகிய ஓட்டையை அடைத்தது உண்மை. ஆனால் எது ஓட்டை, எது குழாய் என்று வெந்தயத்துக்குத் தெரியாது. எல்லாவற்றையும் அடைத்திருந்தது.

மெட்டுக்கு மூன்று வளைவு இருக்கும்போது பாறையிலிருந்து மூங்கில் வழியாக நீர் விழும் ஓரிடம் வந்தது. மாசி மாதமாதலால் மேலே மெட்டில் தண்ணீர் வற்றிவிடும். சுற்றுவட்டத்தில் இந்த ஊற்றுதான் கதி. "இதுக்கு மேல போனா எஞ்சின் பிஸ்டன் புடிச்சுக்கிரும்" என்று சொல்லி, தங்கையா காரை ஊற்றின் அருகே ஒதுக்கி நிறுத்தினார்.

"நான் ஊத்துன மருந்து. நானே தெறக்கிறேன்" என்றான் சுருளி.

"மொதலாளி, வேணாம்—"

சுருளி சாக்கைப் போட்டு ஒரு திருகு திருகினான். அடுத்த கணம் நாங்கள் நான்கு பேரும் வெவ்வேறு திசைகளில் நின்றோம். மூடி பாறையில் மோதி விழுந்தது. மஞ்சள் நிற நீரூற்று ஒன்று ஓராள் உயரம் எழும்பிக் காரின் மேல் கூடாரமாக விழுந்தது. சுருளி எட்டிக் குதித்ததால் அவன் தோல் தப்பியது. பட்டுச் சட்டை தப்பவில்லை.

"சம்பந்தி வீட்டுக்குப் போற சட்டை" என்றார் வெள்ளையம்மாள். "மஞ்சத்தண்ணி ஊத்துனவன் கணக்கா நிக்கிறான் பாரு."

தங்கையா மூங்கில் நீரை நோக்கி வாளியோடு ஓடினார். நான் தடுத்தேன். கொதிக்கும் இரும்பில் குளிர்ந்த நீர் பட்டால் எஞ்சின் விரிசல் விட்டுப்போகும் என்று படித்திருக்கிறேன். புலியூத்தில் உள்ளே நீர் மிச்சமிருந்தபோது, எஞ்சினை ஓடவிட்டுச் சிறுகச் சிறுக ஊற்றியது வேறு. இப்போது உள்ளே நீரே இல்லை. அரை மணியாவது ஆறவேண்டும் என்றேன்.

"சார் சொல்றது சரிதான்" என்று தங்கையா வாளியைக் கீழே வைத்தார்.

வெள்ளையம்மாள் என்னை நிமிர்ந்து பார்த்தார். "தம்பி, அந்தப் பொஸ்தகத்துல ராகு காலத்துக்கு என்ன போட்டுருக்கு?"

எதுவும் போடவில்லை. நான் கைக்கடிகாரத்தைச் சட்டைக் கைக்குள் மறைத்துக்கொண்டேன். ஒரு குடும்பத்தின் நல்ல காரியம் என் ஒரு வாக்கியத்தால் சாலையில் நின்றது. அந்த அரை மணி நேரத்தில் நான் படித்த எல்லாப் புத்தகங்களையும் வெறுத்தேன்.

நடந்தே போய்விடலாமா என்று சுருளி கேட்டான். மூன்று வளைவுதானே?

"நடந்து போய் நின்னா, காரு ஏறலைன்னு நாமளே சொன்ன மாதிரி ஆகாதா?" என்றார் வெள்ளையம்மாள். "அந்த மனுசன் அதத்தான எதிர்பாத்துக்கிட்டு நிக்கிறாரு. வாத்தியாருக்கு அந்தப் புள்ள மேல ஆசைடா. மூணு மாசமா அவன் சரியாச் சோறு திங்கல. காரு ஏறணும். தங்கையா, என்ன செய்யணும் சொல்லு."

"அடிக்குழாயத் தெறந்து எல்லாத்தையும் வெளிய விடணும் ஆத்தா. குழாய் அடைச்சுக் கெடக்கு. கம்பி இருந்தாத் தேவலை."

வெள்ளையம்மாள் தம் கொண்டையிலிருந்து ஓர் ஊசியை உருவிக் கொடுத்தார். கொண்டை ஊசி வளைவில் அது இதைவிடப் பொருத்தமாக ஒருபோதும் பயன்பட்டிருக்காது. தங்கையா காருக்கு அடியில் படுத்துக் குத்தினார். ஊறிய வெந்தயம் கட்டியாக ஒழுகி, பின் நின்றது.

"சட்டியில வெந்தயம் புடிச்சா மேலருந்து தண்ணி ஊத்தி என்ன பிரயோசனம்?" என்றார் வெள்ளையம்மாள். "கவுத்துப் போட்டுல்ல கழுவணும்."

"காரக் கவுக்கவா?" என்று சுருளி பதறினான்.

கவிழ்க்க வேண்டியிருக்கவில்லை, நீரைக் கவிழ்த்தால் போதும். தங்கையா கீழ் ரப்பர்க் குழாயைக் கழற்றினார். ஊற்றில் சாத்திக் கிடந்த நீளமான மூங்கில் குழாயின் ஒரு முனையைத் தலைக்கு மேல் விழும் நீரில் பிடித்தோம். மறுமுனையில் துணியைச் சுற்றி ரேடியேட்டரின் கீழ்வாயில் செருகினார். எஞ்சின் அதற்குள் ஆறியிருந்தது. துணிக்கு வேறு வழியில்லாமல் சுருளியின் அங்கவஸ்திரம் போயிற்று. சுருளி ஒத்துக்கொள்ளாத அந்த மலைத் தண்ணீர் அடியிலிருந்து மேல்நோக்கி ஏறியது.

முதலில் ஒன்றும் நிகழவில்லை. பிறகு, வயிற்றுக்குள் குடல் புரள்வது போல ஒரு சத்தம். மேல்வாயில் மஞ்சள் கொழகொழப்பு எட்டிப்பார்த்தது, தயங்கியது, வழிந்தது. கூடவே சுண்ணாம்புச் செதில்கள், ஒரு குளவிக் கூடு, துரை காலத்துத் துரு. மூங்கிலை வெள்ளையம்மாள் பிடித்துக்கொண்டு ஊற்றின் பக்கத்துக் கல்லில் அமர்ந்திருந்தார். யுத்தத்தில் பீரங்கியைப் பிடித்தவர்கள்கூட அவ்வளவு உறுதியாகப் பிடித்திருப்பார்களோ என்னவோ.

பத்து மணி

அப்போதுதான் ஜீப்பு வந்தது. வந்த விதம் விசித்திரமானது. மேலேயிருந்து, சத்தமே இல்லாமல் வந்தது. சக்கரங்கள் சரளையில் உரசும் ஓசை மட்டும். பெருமாள் ஓட்டி வந்தார். கம்பளிக் கோட்டு, பெரிய மீசை. பின்னால் அவர் மனைவியும், பச்சைத் தாவணியில் செல்லத்தாயும்.

"எந்தா சுருளி!" என்றார் பெருமாள், இறங்காமலே. மலைக்கு அந்தப் பக்கத்தில் பல வருஷம் இருந்ததால் அவர் பேச்சில் மலையாளம் கலந்துவிட்டது. "இன்னைக்கும் பாதி வழியில உக்காந்துருச்சா? நேரமாகுதே, தேடி எடுத்துட்டுப் போகலாம்னு எறங்கி வந்தேன். கயிறு கொண்டாந்துருக்கேன்."

சுருளியின் முகம் சட்டையின் நிறத்துக்கு மாறியது.

"கொதிக்கலண்ணே" என்றார் வெள்ளையம்மாள், மூங்கிலை விடாமல். "பூ வைக்கிற சோலிக்குப் போறோம்ல. காரக் குளிப்பாட்டிக் கூட்டியாறோம்."

பெருமாள் சிரிக்க வாய் திறந்தார். அந்த நேரம் பார்த்து ஜீப்பின் மூடிக்குள்ளிருந்து சீட்டி போன்ற ஒரு சத்தம் வந்தது. நீளமாக வந்தது. பின் பூனை தும்முவது போல ஆவி கிளம்பியது.

தங்கையா ஜீப்பைச் சுற்றி ஒரு நடை நடந்தார். "அண்ணே, எஞ்சினு ஓடாமலே வந்துருக்கீகளே. பெட்ரோலு மிச்சம் பிடிக்கவா?"

"சும்மா எறக்கந்தானே. அதுக்கு எதுக்கு எஞ்சினு?"

"பூப்பாறையிலருந்து மெட்டுக்கு ஏறுறதுக்குள்ள கொதிச்சுருச்சு அத்தே" என்றாள் செல்லத்தாய், ஜீப்பிலிருந்து குதித்து இறங்கி. "மெட்டுல சொட்டுத் தண்ணி கெடையாது. எஞ்சின அமத்திட்டு உருண்டு வந்தோம். எங்கப்பா வழியெல்லாம் ஒங்க காரத்தான் வஞ்சுக்கிட்டு வந்தாரு."

"நீ சும்மா இரு!"

தாய் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். தோள்கள் குலுங்கின.

பெருமாள் ஒரு தகர டப்பாவோடு ஊற்றை நோக்கி நடந்தார். "கொறச்சு வெள்ளம் எடுத்துக்கிறேன் தங்கச்சி."

வெள்ளையம்மாள் அசையவில்லை. விழும் நீர் முழுவதும் அவர் கையிலிருந்த மூங்கிலுக்குள் போய்க்கொண்டிருந்தது.

"எடுக்கலாம்ண்ணே. பூ வச்சதும் எடுக்கலாம்."

"கோயில் வாசல்லதானே வைக்கிறதாப் பேச்சு?"

"கோயிலுக்கு யாரு காரு போகும் இப்ப? ஒங்களதா, எங்களதா?"

பெருமாள் என் கையைப் பார்த்தார். நான் கடிகாரத்தை வெளியே எடுத்துக் காட்டினேன். பத்தே கால்.

"பிள்ளையார் வேணும்ல" என்றார் அவர் கடைசி முயற்சியாக.

சுருளி உற்சாகமாகக் கீழே வழிந்திருந்த மஞ்சள் கட்டியில் ஒரு கைப்பிடி அள்ளினான். "இதுல புடிச்சுருவோம்க்கா. மஞ்சளாத்தான இருக்கு?"

"கீழ போடுறா, பாவி! வண்டி கழிச்சதுலயா பிள்ளையார் புடிப்ப?" வெள்ளையம்மாள் ஒரு கையால் மூங்கிலைப் பிடித்தபடி மறுகையால் தம் பையிலிருந்து மஞ்சள்பொடியை எடுத்து நீட்டினார். செல்லத்தாயின் தாய் பாறையில் கசிந்த ஈரத்தில் அதைக் குழைத்து, மைல்கல் ஒன்றின் தலையில் பிள்ளையார் பிடித்து வைத்தார். மைல்கல்லில் 'போடி மெட்டு 1' என்றிருந்தது. பழத்தட்டு பாறையில். தேங்காயை உடைத்த கல்லும் சாலைக் கல்தான்.

வெள்ளையம்மாள் மூங்கிலைத் தங்கையாவிடம் ஒப்படைத்து, "நான் சொல்றவரைக்கும் விட்றாத" என்றார். பிறகு கையைக் கழுவிக்கொண்டு, மல்லிகைச் சரத்தைப் பிரித்துச் செல்லத்தாயின் கூந்தலில் வைத்தார். பச்சைப் பட்டைக் கையில் கொடுத்தார். அந்தப் பெண் தலை குனிந்திருந்தாள். ஆனால் சிரிப்பை அடக்கத்தான் குனிந்தாள் என்பதை நான் பக்கவாட்டில் நின்று பார்த்தேன். குலவை இட ஆள் போதவில்லை. ஜீப்பு இன்னொரு தரம் சீட்டியடித்தது.

"ஒங்க பொண்ணு" என்றார் பெருமாள். "இனியாவது வெள்ளத்த விடு தங்கச்சி."

வெள்ளையம்மாள் தலையசைத்தார். தங்கையா விட்டார்.

நண்பகல்

குழாய்களை அடைத்திருந்ததெல்லாம் போய், மலைத் தண்ணீரும் நிரப்பிய பிறகு எங்கள் கார் மூன்று வளைவையும் பெருமூச்சில்லாமல் ஏறியது. ஜீப்பு பின்னால் வந்தது. மெட்டில் இரண்டு ராஜ்யத்தின் எல்லை. போன ஐப்பசியிலிருந்து அந்தப் பக்கத்துக்குக் கேரளம் என்று பெயர். சுங்கச் சாவடிச் சேவகர் எங்களைச் சுற்றி வந்து மோந்து பார்த்தார். "உலுவா கொண்டுபோறீங்களா?" என்று கேட்டார். அவர்கள் பாஷையில் வெந்தயத்துக்கு அதுதான் பெயராம். பழத்தட்டைத் தவிர ஒன்றுமில்லை என்றோம். சுருளியின் சட்டையைப் பார்த்துவிட்டு அவர் மேலே ஒன்றும் கேட்கவில்லை.

டீக்கடையில் பெருமாள் சுருளியைத் தனியே அழைத்துப் போனார். நான் கேட்காத தூரத்தில் இருப்பதாக இருவரும் நினைத்தார்கள்.

"ஜீப்புலயும் அடியில லேசா ஒழுக்கு இருக்கு" என்றார் பெருமாள் தாழ்ந்த குரலில். "அந்த வெந்தயம் எத்தனை நாழி ஊறணும்?"

"ராத்திரி பூராண்ணே" என்றான் சுருளி. அவன் முகத்தில் காலையிலிருந்து காணாமற்போன பெருமை திரும்பி வந்திருந்தது. "நல்லா அரைக்கணும். ரெண்டு வேளை குடுங்க."

தடுத்திருக்கலாம். ஆனால் புதிதாகச் சேர்ந்த இரண்டு சம்பந்திகளின் முதல் அன்னியோன்யம் அது.

திரும்புதல்

மறுநாள் போடி ரயிலடியில் புகைவண்டி எஞ்சின் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்ததை நெடுநேரம் பார்த்தேன். யாரும் அதற்குக் கிணற்றுத் தண்ணீரா மலைத் தண்ணீரா என்று கேட்கவில்லை. யாரும் அதன் நெற்றியைத் தொட்டுப் பார்க்கவில்லை. மதுரையில் எங்கள் தெருவில் கார் வைத்திருப்பவர்கள் ஏதாவது கோளாறு என்றால் பட்டறைக்கு அனுப்பிவிட்டு மறந்துவிடுகிறார்கள். ராசிங்காபுரத்தில் காருக்குச் சூடு கண்டால் வீட்டில் ஒருவர் இரவெல்லாம் வெந்தயம் ஊறவைக்கிறார். எது நல்ல முறை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. எந்த வீட்டில் காராகப் பிறக்கலாம் என்பதில்தான் சந்தேகம்.

வைகாசியில் கல்யாணத்துக்குப் போயிருந்தேன். பெண் வீட்டார் பூப்பாறையிலிருந்து பஸ்சில் வந்து இறங்கினார்கள். ஜீப்பு சுகமா என்று பெருமாளைக் கேட்டேன்.

"ஒழுகல" என்றார். அதற்கு மேல் சொல்ல விரும்பாதவர்போல் மீசையைத் தடவிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

விருந்து பிரமாதம். ஆனால் சாம்பாரில் ஏதோ ஒன்று குறைந்தது. பந்தி விசாரித்து வந்த வெள்ளையம்மாளிடம் மெதுவாகச் சொன்னேன்.

"வெந்தயம் போடல தம்பி" என்றார் அவர், இடுப்பில் தொங்கிய சாவியைத் தொட்டுக் காட்டி. "டப்பாவப் பூட்டி வச்சுட்டேன். வாசல்ல அஞ்சாறு காரு நிக்குதுல்ல?"